கிலோக் கணக்கில் விற்கிற வெளிநாட்டுக் காசில் இன்னும் ஏதும் அகப்படுமா?

வவுனியாவில் இருந்து ஒரு வாசகர் கேட்டது: "ஒன்லைனில் நிறுத்து விற்கிற கலப்புக் காசுப் பொதி வாங்குவது வீண் வேலை. நல்லதை எல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டு மிச்சத்தைத்தான் எங்கள் தலையில் கட்டுகிறார்கள். போன மாதம் எனக்கு வந்த பொதியில் ஒரு வெள்ளிக் காசுகூட இல்லை. வன்னியில் இருந்துகொண்டு இதில் ஏதாவது கண்டவர்கள் இருக்கிறீர்களா?"

03 பங்குனி (மார்ச்) 2024

பொறுக்குவார்கள், உண்மை. ஆனால் எவரும் தனக்குத் தெரிந்த காசைத்தான் பொறுக்குவார். லண்டனில் இருந்து விற்கிறவர் பழைய ஷில்லிங்கை விடமாட்டார். 1919 வரை அதில் 92.5 வீதம் வெள்ளி, 1920 இலிருந்து 1946 வரை 50 வீதம், 1947 இலிருந்து வெள்ளியே இல்லை என்பது அங்கே காசு சேர்க்கிற எல்லோருக்கும் மனப்பாடம். அதே ஆள் சுவிஸ் அரைப் பிராங்கை ஆண்டு பார்க்காமல் பொதிக்குள் போடுவார். எங்கள் இலங்கைக் காசைப் புரட்டியும் பார்க்கமாட்டார்.

நான் புதுக்குடியிருப்பில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஆறு வருஷத்தில் பதினொரு பொதி வாங்கியிருக்கிறேன். நாலில் ஒன்றுமில்லை. மூன்றில் போட்ட காசு திரும்பியது. மற்ற நாலும் கையைக் கடிக்கவில்லை, மனதையும் நிறைத்தன. ஏழாவது பொதியில் கறுத்துப்போய் ஒரு வட்டம் கிடந்தது. வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தபோது தாளிப்பனை தெரிந்தது. இலங்கை 50 சதம், 1926. அதில் 55 வீதம் வெள்ளி. விற்றவர் போட்டிருந்த படத்திலேயே அது இருந்தது, அவருக்குத் தெரியவில்லை.

04 பங்குனி

"கையைக் கடிக்கவில்லை" என்று எழுதியதற்குக் கணக்குக் கேட்கிறீர்கள். சரியான கேள்வி. கடைசிப் பொதியின் கணக்கு இது:

ஒரு கிலோ 14 பவுண்ஸ். தபால் 21 பவுண்ஸ். அன்றைக்குப் பவுண் 390 ரூபா. மொத்தம் 13,650 ரூபா. எண்ணிப் பார்த்தேன், 210 காசு. ஆக ஒரு காசு 65 ரூபா. அதில் காசின் விலை 26 ரூபா, தபால் 39 ரூபா.

லண்டனில் இருக்கிறவருக்கு 26 ரூபாய்க்கு மலிவாகத் தெரிகிற பொதி, புதுக்குடியிருப்புக்கு வந்து சேரும்போது 65 ரூபா. வன்னியில் இருந்து இதைச் செய்கிறவர்களுக்கு முதல் எதிரி விற்பனையாளர் அல்ல, தபால்தான். ஏலம் கேட்கும்போது தபாலையும் சேர்த்து ஒரு காசுக்கு எவ்வளவு வருகிறது என்று கடதாசியில் போட்டுப் பாருங்கோ. எண்ணிக்கை சொல்லாமல் நிறை மட்டும் சொல்லியிருந்தால், கிலோவுக்கு 200 காசு என்று எடுத்துக்கொள்ளலாம். சராசரி ஐந்து கிராம் சரியாகத்தான் வருகிறது.

04 பங்குனி, இரவு

விட்டுப்போனது. 2022 இல் டொலர் 200 ரூபாயில் இருந்து இரண்டு மூன்று மாதத்துக்குள் 350ஐத் தாண்டியபோது ஒன்றரை வருஷம் ஒரு பொதியும் வாங்கவில்லை. மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற காலத்தில் காசு கொடுத்துக் காசு வாங்க மனம் வரவில்லை. ஆறு வருஷம் என்று சொன்னதில் அதையும் கழித்துக்கொள்ளுங்கோ.

06 பங்குனி

பொதி வந்தவுடன் நான் செய்வது. அம்மாவின் சுளகை எடுத்து, பழைய சட்டைத் துணியை விரித்து, காசை அதில் கொட்டுவேன். தையற் கடையில் விழுந்த ஊசி பொறுக்க ஒரு காந்தம் இருக்கிறது. அதை மேலால் மெல்ல இழுத்தால் பாதிக் குவியல் தானாக எழும்பி வந்துவிடும். 1992க்குப் பிறகு வந்த பிரித்தானிய 1 பென்ஸ், 2 பென்ஸ் (உள்ளே இரும்பு, மேலே செம்புப் பூச்சு), யூரோவின் 1, 2, 5 சதம், பிரான்சின் பழைய ஒரு பிராங்க், ஒல்லாந்தின் கில்டர் எல்லாம் ஒட்டும். மிஞ்சுவதில்தான் வெள்ளி இருக்கும்.

09 பங்குனி

மேலே எழுதியதில் ஒரு பிழை. "மிஞ்சுவதில்தான் வெள்ளி இருக்கும்" என்றதை இரண்டு பேர் "காந்தம் ஒட்டாவிட்டால் வெள்ளி" என்று விளங்கிக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. செம்பும் நிக்கலும் கலந்த வெள்ளை உலோகத்திலும் காந்தம் ஒட்டாது, உலகத்தின் வெள்ளைக் காசில் ஏராளம் அந்தக் கலவைதான். காந்தம் எதை ஒதுக்கலாம் என்று காட்டும். எது வெள்ளி என்று அதற்குத் தெரியாது.

அதைச் சொல்வது தராசு. 0.01 கிராம் வரை காட்டுகிற சின்ன நகைத்தராசு ஒன்று வாங்குங்கோ. இந்த வேலையில் நான் செலவழித்ததில் அதுதான் பயன்பட்ட செலவு.

சுவிஸ் ஒரு பிராங்கை எடுத்துக்கொள்ளுவோம். 1967 வரை 83.5 வீத வெள்ளி, நிறை 5 கிராம். 1968 இலிருந்து செம்பு நிக்கல், 4.4 கிராம். காசின் படம் மாறவில்லை: அதே பெண், அதே ஈட்டி, அதே மாலை. தேய்ந்துபோய் ஆண்டு வாசிக்க முடியாத ஒன்றைத் தராசில் வைத்தேன்: 4.93. உடனே எடுத்து வேறு தட்டில் போட்டேன். அரைப் பிராங்கும் இப்படித்தான், வெள்ளி 2.5, மற்றது 2.2. அதன் வெள்ளி மட்டுமே காசில் போட்டிருக்கிற பெறுமதியைவிடக் கூடப் போகும்.

சுவிஸ் காசில் இன்னொரு விசயம், இது பணத்துக்காக அல்ல. அந்தப் பெண்ணைச் சுற்றி நட்சத்திரங்கள் இருக்கும். 1982 வரை 22, 1983 இலிருந்து 23. யூரா என்ற புது மாநிலம் 1979 இல் சேர்ந்ததால் ஒன்று கூடியது. என் மருமகள் உருப்பெருக்கியை வைத்து விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். ஆண்டு பார்க்காமலே முந்தியதா பிந்தியதா என்று இப்போது அவள் சொல்லுவாள்.

10 பங்குனி

மனதில் வைத்திருக்கிற ஆண்டுகளைக் கேட்டீர்கள். பொதியில் எனக்கு உண்மையில் அகப்பட்டவற்றை மட்டும் சொல்கிறேன். ஜேர்மனியின் 5 மார்க், 1951 இலிருந்து 1974 வரை 62.5 வீதம், 11.2 கிராம். பிரான்சின் 5 பிராங்க், 1960 இலிருந்து 1969 வரை 83.5 வீதம், 12 கிராம். 1970இல் அதே படம், 10 கிராம், வெள்ளி இல்லை. சுவீடன் ஒரு குரோன் 1968 வரை 40 வீதம். அமெரிக்காவின் 10 சதமும் 25 சதமும் 1964 வரை 90 வீதம், ஆனால் அது பொதியில் வரவே வராது; ஆறு வருஷத்தில் ஒன்றே ஒன்று, அதுவும் ஓட்டை போட்டது. சங்கிலியில் கோத்திருந்திருக்க வேண்டும். அதை நான் விற்கவில்லை.

17 பங்குனி

விற்கிறவர் போடுகிற படத்தை எப்படிப் பார்ப்பது என்று கேட்ட தங்கச்சிக்கு.

ஒரே கிலோ, ஒரே விலை, பத்துப் பொதி இருப்பு, "படம் மாதிரிக்கு மட்டும்" என்று போட்டிருந்தால் விட்டுவிடுங்கோ. அது ஒரு பெரிய குவியலை ஏற்கெனவே சல்லடை போட்டவரின் மிச்சம். "தேடிப் பார்க்காதது" என்ற சொல்லுக்கு நான் எந்தப் பெறுமதியும் கொடுப்பதில்லை. அதே சொல்லை நம்பி வாங்கிய பொதி ஒன்றில் வெள்ளிக் காலத்தின் கடைசி ஆண்டு வரை ஒரு காசும் இல்லாமல், ஒவ்வொரு நாட்டிலும் அடுத்த ஆண்டில் இருந்து எல்லாக் காசும் இருந்தது. 1947 இலிருந்து பிரித்தானியா, 1968 இலிருந்து சுவிஸ். தற்செயலாக அப்படி வராது. விற்றவருக்கு எழுதினேன். பதில் வரவில்லை. அன்றைக்கு இரவு நித்திரை வரவில்லை. பணத்துக்காக அல்ல, நேரே பார்த்துப் பொய் சொன்னது போல இருந்தது.

நான் தேடுவது யாரோ ஒருவரின் வீட்டு லாச்சி. படம் மங்கலாக, சாப்பாட்டு மேசைத் துணியின் மேல் எடுத்திருக்கும். காசோடு ஒரு சாவி, பொத்தான், பஸ் ரோக்கன் கிடக்கும். பொத்தான் கிடந்தால் எனக்கு நம்பிக்கை கூடும், பொறுக்கினவர் பொத்தானை விட்டிருக்கமாட்டார். பிறகு படத்தைப் பெருப்பித்து நிறத்தைப் பாருங்கோ. நிக்கல் வெள்ளையாக மினுங்கும். பழைய வெள்ளி சாம்பல் நிறமாக, எழுத்தோரத்தில் கறுப்பாக இருக்கும். சதுரமும் வளைவு விளிம்பும் தேடுங்கோ. எங்கள் 5 சதம் சதுரம், 2 சதம் பூப்போல வளைவு.

18 பங்குனி

2 சதம் என்றதும் ஞாபகம். எலிசபெத் மகாராணியின் தலை இலங்கைக் காசில் வந்தது இந்த 2 சதத்தில் மட்டும்தான், 1955இலும் 1957இலும். பிரித்தானியப் பொதியில் அது அடிக்கடி வரும். பெரிய விலை இல்லை. ஆனால் எங்கள் தாத்தாமார் வெற்றிலைக்குக் கொடுத்த காசு, சுற்றிவந்து கையில் கிடைக்கிறது.

02 சித்திரை

முறிகண்டியில் கச்சான் விற்கிற மச்சாளைப் பற்றி எழுதவேண்டும். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நிற்கிற வாகனங்களில் வெளிநாட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். கச்சான் வாங்கும்போது பையில் கிடந்த காசையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போவார்களாம். வங்கியில் வெளிநாட்டுத் தாளை மாற்றுவார்கள், காசை வாங்கமாட்டார்கள். அவள் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல் நிறையச் சேர்த்து வைத்திருந்தாள். "நீ எடன், எனக்கென்னத்துக்கு" என்று தந்தாள். "காசு குடுத்துக் காசு வாங்குற மனிசியை இப்பதான் பாக்கிறன்" என்று சிரிப்பு வேறு.

வீட்டில் கொட்டிப் பார்த்தால் பழைய காசு ஒன்றும் இல்லை. எல்லாம் இன்றைக்கும் செல்லுகிற காசு: யூரோ இரண்டு, ஒன்று, கனடா இரண்டு டொலர், சுவிஸ் இரண்டு பிராங்க். ஒரு இரண்டு யூரோவே 600 ரூபாயைத் தாண்டும். வெள்ளி தேடுகிற அவசரத்தில் நாங்கள் எல்லோரும் இதைத்தான் தவற விடுகிறோம். கலப்புப் பொதியில் செல்லுகிற காசு கிடந்தால் அது நேரடியாகப் பணம், வெளிநாட்டில் சொந்தம் இருக்கிறவர்களுக்கு. வன்னியில் எந்த வீட்டில் இல்லை?

ஒரு எச்சரிக்கை. தாய்லாந்தின் 10 பாத் காசு இரண்டு யூரோ மாதிரியே இருக்கும். நடுவில் மஞ்சள், சுற்றிவர வெள்ளை, அளவும் ஏறத்தாழ அதுதான். போத்தலில் மூன்று அப்படி இருந்தது.

05 சித்திரை

"மச்சாளுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?" கேட்டது நல்லது. அடுத்த கிழமையே முறிகண்டிக்குப் போய், எது எவ்வளவு என்று அவளிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். மூன்றில் இரண்டு பங்கு கொடுத்தேன், மிச்சம் வெளிநாட்டில் மாற்றுகிறவருக்கும் எனக்கும். முதலில் வாங்கமாட்டேன் என்றாள், பிறகு பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கவேண்டும் என்று வாங்கினாள். ஒன்லைனில் படம் போட்டு விற்கிறவருக்கு நான் ஒன்றும் சொல்லக் கடமைப்பட்டவள் இல்லை, அவர் தொழில் செய்கிறார். கச்சான் விற்கிறவளுக்குத் தெரியாததை வைத்து நான் மலிவு தேட முடியாது.

அந்த 1926 ஐம்பது சதத்தை விற்றவரும் ஒரு வீட்டு லாச்சியைக் காலி பண்ணின ஆளாக இருக்கலாமே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கு என்னிடம் விடை இல்லை. இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

11 சித்திரை

செல்லாமல் போன பணத்திலும் எல்லாம் ஒன்றல்ல. ஜேர்மன் மார்க்கையும் அதன் சில்லறையான பெனிக்கையும் அந்த நாட்டு மத்திய வங்கி கால எல்லை இல்லாமல் மாற்றித் தருகிறது, 1.95583 மார்க்குக்கு ஒரு யூரோ. ஒஸ்திரியாவின் ஷில்லிங்கும் அப்படித்தான். பிரெஞ்சுப் பிராங்கில் காசுக்கு 2005 மாசியோடும் (பெப்ரவரி) தாளுக்கு 2012 மாசியோடும் கதவு மூடியாயிற்று. அதனால் இரண்டு பொதி ஒரே விலை என்றால் ஜேர்மன் காசு கூடக் கிடக்கிறதை எடுங்கோ. 1974 வரை வந்த 5 மார்க்கை மட்டும் வங்கிக்கு அனுப்பாதீர்கள். அதில் 7 கிராம் வெள்ளி இருக்கிறது.

சுவிஸில் சில காசு செல்லாமல் போனதே இல்லை. அங்கே 1879ஆம் ஆண்டின் 10 ரப்பனை (அவர்களின் சதம்) இன்றைக்கும் கடையில் கொடுக்கலாம்.

20 சித்திரை

உங்களில் ஒருவர் 1780 என்று போட்ட பெரிய வெள்ளிக் காசின் படம் அனுப்பி, 240 வருஷத்துக் காசா என்று கேட்டிருந்தார். அது ஒஸ்திரிய அரசி மரியா தெரேசாவின் தாலர். அந்த அரசி 1780 இல் இறந்தார், அதற்குப் பிறகு அடித்த எல்லாவற்றிலும் அதே ஆண்டுதான். அரபு நாடுகளிலும் எத்தியோப்பியாவிலும் வியாபாரத்துக்கு அந்தக் காசையே கேட்டதால் இருபதாம் நூற்றாண்டிலும் அடித்தார்கள். பழசோ புதுசோ, வெள்ளி உண்மையானால் 83.3 வீதம், நிறை 28.07 கிராம்.

உண்மைதானா என்று பார்க்க அமிலம் தேவையில்லை. தராசில் சின்னப் பிளாஸ்ரிக் கப்பில் தண்ணீர் வைத்து எண்ணைப் பூச்சியமாக்குங்கோ. காசை மெல்லிய தையல் நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுக்க மூழ்கும்படி, அடியில் முட்டாமல் தொங்கவிடுங்கோ. காசின் நிறையை இப்போது தராசு காட்டுகிற எண்ணால் வகுக்கவேண்டும், வருவது அதன் அடர்த்தி. தாலருக்கு 2.75 அளவில் காட்டினால் 10.2 வரும், அது வெள்ளி. 3.1 காட்டினால் 9 வரும், அது செம்பு நிக்கல் கலவை. பருத்தி நூல் தண்ணீர் உறிஞ்சும், பொலியெஸ்ரர் நூல் எடுங்கோ. காசில் நீர்க்குமிழி ஒட்டியிருந்தால் கணக்குப் பிழைக்கும், விரலால் தட்டிவிடுங்கோ.

21 சித்திரை

படம் அனுப்பியவருக்கு 10.17 வந்ததாம். எனக்கே கிடைத்தது போல இருக்கிறது.

30 சித்திரை

கழுவாதீர்கள். இதை முதலே சொல்லியிருக்கவேண்டும். நான் சொன்ன 1926 ஐம்பது சதத்தை, நான் கடையில் இருந்த நேரம் அம்மா பழப்புளி போட்டு, குத்துவிளக்குத் தேய்க்கிற மாதிரித் தேய்த்துப் பளிச்சென்று வைத்திருந்தா. ஆசையோடு காட்டினா. நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கறுப்புப் போனால் சேகரிக்கிறவர் கொடுக்கிற விலையும் போய்விடும், வெள்ளி விலைதான் மிஞ்சும். ஒட்டுப்பசை, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அசிற்றோனில் ஊறவைத்து எடுக்கலாம். தேய்க்கக் கூடாது.

14 வைகாசி

"ஏன் பொதி வாங்குகிறீர்கள், மெட்டல் டிற்றெக்டர் வாங்கி வன்னி மண்ணிலேயே தேடலாமே" என்று கனடாவில் இருந்து ஒருவர். கோபிக்கவில்லை, தூரத்தில் இருக்கிறார்.

இங்கே மண்ணுக்குள் இரும்பு என்றால் அது காசு என்று எந்தக் குழந்தையும் நினைக்காது. கண்ணிவெடி அகற்றிய இடத்தில்கூட மழைக்குப் பிறகு ஏதாவது தலைநீட்டும். அதோடு 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 1815 பங்குனி 2க்கு முந்திய பொருள் எதுவும் மண்ணுக்குள் இருந்து வந்தால் அது அரசாங்கத்தின் சொத்து. புதையல் கிண்டிப் பிடிபட்ட செய்தி மாதாமாதம் பார்க்கிறோம். இராஜராஜன் பெயர் போட்ட செப்புக்காசும், யாழ்ப்பாண அரசரின் நந்தியும் சேது என்ற எழுத்தும் உள்ள காசும் இந்த நாட்டில் வழங்கியவைதான். உழும்போது அப்படி ஏதும் வந்தால் கிராம அலுவலருக்குச் சொல்லுங்கோ, ஒன்லைனில் படம் போடவேண்டாம்.

14 வைகாசி, பின்னிரவு

எழுதிவிட்டுப் படுத்தேன், நித்திரை வரவில்லை.

அப்பாவிடம் ஒரு பிஸ்கற் ரின் இருந்தது. இலங்கைக் காசு, அவருடைய அப்பா காலத்தில் இருந்து. 2009 தொடக்கத்தில் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது கிணற்றடியில் முருங்கைக்குப் பக்கத்தில் தாட்டுவிட்டு வந்தோம். திரும்பி வந்தபோது கிணற்றுக்கட்டும் இல்லை, முருங்கையும் இல்லை, காணி முழுக்க ஒரே மாதிரி இருந்தது. கிண்டவில்லை. அம்மா கிண்டவேண்டாம் என்றா.

அந்த ரின்னில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். மழைநாளில் பாயில் பரப்பி ஆண்டுப்படி அடுக்குவோம். சதுர 5 சதம் 1909, 1910, 1912, 1920, 1926. 1944 இரண்டு சதம். புத்த ஜயந்திக்கு 1957 இல் வந்த வெள்ளி 5 ரூபா, 28 கிராம், சின்னக் கைக்குப் பாரம். நான் பொதி வாங்கத் தொடங்கியது அதற்காகத்தான். வெள்ளியும் யூரோவும் பிறகு வந்தவை. லாபமா நட்டமா என்று நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கு இதையும் சேர்த்துத்தான் என் பதிலை வாசிக்கவேண்டும், தம்பி.

29 வைகாசி

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு அண்ணா சுவிஸில் இருந்து வந்திருந்தார். இனி லண்டன் பொதி சித்தப்பா வீட்டுக்கும் ஜேர்மன் பொதி அண்ணாவுக்கும் போகும். அவர்கள் செல்லுகிற காசை அங்கேயே எடுத்துச் செலவழித்துவிட்டு, இரும்பை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை ஊருக்கு வருகிறவர்களின் பெட்டியில் போட்டு விடுவார்கள். 39 ரூபாத் தபால் இல்லை. மச்சாளின் இரண்டாவது போத்தலும் அண்ணாவோடு போய்விட்டது.

போகும்போது ஒரு காசைத் தந்தார். சிங்கப்பூர் 20 சதம். முத்திரையைச் சுற்றி நாலு மொழியில் நாட்டின் பெயர், ஒன்று தமிழ். அதை அம்மாவின் கண்ணாடிப்பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். அவ புளி போடமாட்டேன் என்று வாக்குத் தந்திருக்கிறா.

08 ஆவணி

முதல் கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார். தன் பழைய பொதியைத் திரும்பக் கொட்டி நிறுத்துப் பார்த்தாராம். 2.47 கிராமில் ஒரு சுவிஸ் அரைப் பிராங்க், ஆண்டு 1958. ஒரு வெள்ளியும் இல்லை என்று சொன்ன அதே பொதி.

26 ஐப்பசி 2024

பன்னிரண்டாவது பொதி வந்தது, சித்தப்பாவின் பெட்டியில். 640 கிராம். திகதி இல்லாத 20 பென்ஸ் இருக்குமோ என்று எல்லா 20 பென்ஸையும் புரட்டினேன். 2008 இல் தவறான முகத்தோடு அடித்ததால் இரண்டு பக்கத்திலும் ஆண்டு இல்லாமல் வந்த காசு அது. இல்லை. லண்டன் கியூ தோட்டத்தின் படம் போட்ட 50 பென்ஸ் ஒன்று இருந்தது, ஆனால் 2019. பெறுமதியானது 210,000 மட்டும் அடித்த 2009.

அடியில் ஒரு சதுரம். 1910. எட்வேர்ட் அரசரின் தலை, ஒரு மூலை தேய்ந்திருக்கிறது.

அந்தச் சதுர 5 சதத்தில் 1909, 1912, 1920 வேண்டும். 1926 என்னிடம் இரண்டு இருக்கிறது. யாரிடமாவது இருந்தால் மாற்றலாம், தபால் செலவு என்னுடையது.